பதினைந்து சென்டிமீட்டர்

தஞ்சோங் பகார் பக்கத்து ஈரச்சந்தை ஒன்றில் நண்டு வாங்கப் போனால் முதலில் நாட்டைத்தான் கேட்பார்கள். ஸ்ரீலங்காவா, இந்தோனீசியாவா? ஸ்ரீலங்கா என்றால் பெரிய கொடுக்கு, விலையும் கூடுதல். இரண்டையும் கயிற்றால் கட்டிக் கூடையில் அடுக்கியிருப்பார்கள். கயிறு எடையில் சேருமா சேராதா என்பது தனிச் சண்டை.

என் ஆச்சி நாடு கேட்க மாட்டார். நண்டைக் கவிழ்த்துப் பார்ப்பார். "வயித்த கவுத்துப் பாருட்டி. மூடி அகலமா இருந்தா பொம்பள, கூம்பா இருந்தா ஆம்பள." எடுப்பது எப்போதும் பெண் நண்டுதான், அதிலும் உள்ளே சிவப்பாகச் சினை நிறைந்தது. தாத்தா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சம்பள நாளில் மட்டும் நண்டு. சினைத் துண்டு யாருக்கு என்று எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளை இங்கே எழுதினால் அம்மா கோபித்துக்கொள்வார்.

சந்தையில் நண்டுக்குத் தராசு இருக்கிறது. அளவுகோல் இல்லை. அதே நண்டைப் பிடித்த ஊரில் அதன் ஓட்டின் குறுக்களவை ஒருவர் அளந்து பார்த்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கலாம். அங்கே சென்டிமீட்டர், இங்கே கிலோ. அந்தச் சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது, யார் தலையில் விழுந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடல் தரங்கம்பாடி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் ஊர்ப் பெயர். மலாயில் தஞ்சோங் என்றால் கடல்முனை, பகார் என்றால் வேலி. எந்த வேலி என்பதற்கு இரண்டு கதை உண்டு. ஒன்று இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்: சிங்கப்பூர்க் கரையை வாள்மீன்கள் தாக்கியபோது வாழைத்தண்டால் வேலி கட்டலாம் என்று ஒரு சிறுவன் யோசனை சொன்னான், ஊர் பிழைத்தது, அவன் அறிவைக் கண்டு பயந்த அரசன் அவனைக் கொன்றான். இன்னொன்று சாதாரணமானது. இந்தக் கரையோரம் மீன் பிடிக்கக் கழிகளை ஊன்றி அடைப்பு கட்டியிருந்தார்கள், அதனால் வேலிமுனை. எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. கழி ஊன்றி மீனை வழிமறிக்கும் முறை யாழ்ப்பாணக் களப்பிலும் உண்டு. அங்கே களங்கட்டி, சிறகுவலை என்பார்கள். இங்கே ஆழமான இடத்தில் கட்டினால் கேலோங்.

1864-இல் தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் வந்தது. கழிகள் இருந்த கரையில் கற்சுவர் எழுந்தது. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் குடியேறிச் சுமை தூக்கினார்கள். 1972-இல் கொள்கலன் முனையம் திறந்தது. தீவில் ஒரு காலத்தில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு இருந்த அலையாத்திக் காடு இன்று ஒரு பங்குகூட இல்லை. அலையாத்தி இல்லாமல் சேற்று நண்டு ஏது? 1965-க்குப் பிறகு புதிய கேலோங்குகளுக்கு உரிமம் தருவதையும் நிறுத்திவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் நண்டைப் பாதுகாக்க இந்த ஊருக்குப் பெரிய சட்டம் தேவைப்படாமலே போயிற்று. நண்டுக்கு இடமே இல்லாமல் செய்தாயிற்று.

ஆனால் ஆசை போகவில்லை. 1956-இல் செர் யாம் தியான் என்ற பெண்மணி, கணவர் கடற்கரையில் பிடித்துவந்த நண்டை எப்போதும்போல் வேகவைக்காமல் தக்காளிச் சாறும் மிளகாயும் போட்டுப் புரட்டினார் என்பது சில்லி கிராப் பிறந்த கதை. பிறகு தள்ளுவண்டி, பிறகு உணவகம், பிறகு 'தேசிய உணவு'. கதையின் முதல் வரியைக் கவனியுங்கள்: கடற்கரையில் பிடித்த நண்டு. இன்று கிழக்குக் கரை உணவகத் தொட்டியில் இருக்கும் நண்டு பெரும்பாலும் விமானத்தில் வந்தது.

அந்த நண்டு எது? நாம் 'சேற்று நண்டு' என்று ஒரே பெயரில் கூப்பிடுவதை அறிவியலும் நெடுங்காலம் ஒன்றாகவோ குழப்பமாகவோதான் வைத்திருந்தது. 1998-இல் கீனன், டேவி, மான் என்ற மூன்று ஆய்வாளர்கள் மரபணுவும் ஓட்டின் முட்களும் பார்த்து, சில்லா என்ற பேரினத்தில் நான்கு இனங்கள் உண்டு என்று பிரித்தார்கள். செரேட்டா, ஒலிவேசியா, பாரமமோசைன், ட்ராங்குபாரிக்கா. கடைசிப் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்க. ட்ராங்குபார், அதாவது தரங்கம்பாடி! டேனிஷ்காரர்களின் கோட்டை இருந்த காலத்தில், 1798-இல், ஃபாப்ரிசியுஸ் என்ற டேனிஷ் அறிஞர் அந்தப் பெயரில் இந்த நண்டை வருணித்தார். ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் நண்டைக் 'கள்வன்' என்று அழைத்துப் பத்துப் பாட்டு எழுதியிருக்கிறார், அது மருதத்து வயல் நண்டு. நெய்தல் நண்டுக்கு ஊர்ப் பெயர் சூட்ட ஒரு டேனிஷ்காரர் வர வேண்டியிருந்தது.

நான்கு இனம் என்பது நூலகத்துச் சமாச்சாரம் மட்டும் இல்லை. செரேட்டா பெரிது. இலங்கையிலிருந்து வருவது அதுதான். ஒலிவேசியா சிறியது, வளர்ந்து முடிந்தாலும் பல நண்டுகள் 15 சென்டிமீட்டரை எட்டுவதில்லை. சட்டம் எழுதுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும், இல்லையா?

2015 ஜனவரியில் இந்தோனீசிய மீன்வள அமைச்சர் சுசி புஜியாஸ்துத்தி ஓர் ஆணை போட்டார். பள்ளியைப் பாதியில் விட்டவர், பங்கண்டரான் கடற்கரையில் மீன் வாங்கி விற்றவர், கடலுணவைக் கெடாமல் கொண்டுபோக விமானம் வாங்கி அதையே விமான நிறுவனமாக்கியவர். அத்துமீறி மீன்பிடித்த வெளிநாட்டுப் படகுகளை நடுக்கடலில் மூழ்கடித்துப் பெயர் வாங்கியவரும் இவர்தான். வியாபாரியாக இருந்து கடல் காலியாவதைக் கண்ணால் பார்த்தவர் என்பதால் இவருடைய ஆணையை வெறும் அலுவலகக் காகிதமாக என்னால் பார்க்க முடியவில்லை. ஆணை எளிமையானது: முட்டை சுமக்கும் நண்டைப் பிடிக்கக்கூடாது. சேற்று நண்டின் ஓடு 15 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். நீலக்கால் நண்டு என்றால் 10 சென்டிமீட்டருக்கு மேல். அளவு குறைந்ததை உயிரோடு திரும்ப விட வேண்டும்.

காரணமும் எளிமையானதுதான். ஒரு நண்டு ஒரு தடவையாவது இனம் பெருக்கிவிட்டுச் சட்டிக்கு வரட்டும். பெண் நண்டு ஓடு கழற்றி மெத்தென்று இருக்கும் நேரத்தில் ஆணோடு சேரும். பிறகு ஆழக்கடலுக்குப் போய் வயிற்று மூடிக்கு அடியில் பல லட்சம் முட்டைகளைச் சுமக்கும். அந்தப் பயணத்தில் வலை போட்டால் ஒரு நண்டோடு ஒரு தலைமுறையே போகும்.

ஆனால் ஒலிவேசியா மட்டுமே கிடைக்கும் சேற்றுக் கரையில் 15 என்பது ஏறக்குறைய முழுத் தடை. கூண்டு வைத்துப் பிடிக்கும் சிறு மீனவர் பத்து நண்டில் எட்டைத் திரும்ப விட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. எதிர்ப்பு கிளம்பியது. 2016-இல் ஆணையைத் திருத்தி, 15 சென்டிமீட்டர் அல்லது 200 கிராம் என்று எடையைச் சேர்த்தார்கள். அதில் இன்னொரு வரி: டிசம்பர் 15 முதல் பிப்ரவரி 5 வரை முட்டை சுமக்கும் சேற்று நண்டையும் ஏற்றுமதி செய்யலாம். ஏன் அந்தத் தேதிகள்? சீனப் புத்தாண்டு ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் சினை நண்டுக்கு விலை ஏறும் வாரங்கள் அவை. இது என் ஊகம்தான். ஆனால் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு எதையும் ஊகிக்க முடியவில்லை.

2020-இல் வேறு அமைச்சர், எடி பிரபோவோ. சேற்று நண்டின் அளவு 12 சென்டிமீட்டர் அல்லது 150 கிராம் என்று இறங்கியது. அதே ஆணைதான் சுசி மூடிவைத்திருந்த சிங்கி இறால் குஞ்சு ஏற்றுமதியையும் திறந்துவிட்டது. அந்தக் குஞ்சு வியாபார உரிமத்தில் லஞ்சம் வாங்கியதாக அதே வருடம் நவம்பரில் எடி கைதாகி, பிறகு சிறைக்கும் போனார். நண்டுக்கு 12 என்பது தப்பு என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒலிவேசியாவுக்கு அது நியாயமான எண்ணாகக்கூட இருக்கலாம். நியாயமான எண்ணும் நாறிப்போன காகிதத்தில் வரும், அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இந்தத் தலைவலியே இல்லை. அங்கே பெண் சேற்று நண்டு எந்த அளவில் இருந்தாலும் தொடக்கூடாது. ஆணுக்கு 15 சென்டிமீட்டர். ஆச்சி அங்கே பிறந்திருந்தால் வாழ்க்கை முழுக்கச் சினை ருசி அறியாமல் போயிருப்பார். பக்கத்து வட மாநிலப் பகுதியில் பெண் நண்டையும் பிடிக்கலாம், அளவு மட்டும் கூடுதல். ஒரே கடல், ஒரே நண்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நியாயம், அந்தப் பக்கம் இன்னொன்று.

இதில் ஆச்சி போன்றவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சட்டங்கள் பெரும்பாலும் பார்ப்பது வெளியே தெரியும் முட்டையை, வயிற்று மூடிக்கு அடியில் பஞ்சுபோல் ஒட்டியிருப்பதை. தட்டில் நாம் தேடும் சிவப்பு, ஓட்டுக்குள் இருக்கும் சூலகம், இன்னும் வெளியே வராத முட்டை. அதைச் சுமக்கும் நண்டைச் சட்டம் அனுமதிக்கும், அளவு மட்டும் சரியாக இருந்தால். முட்டையிட்ட நண்டை விட்டுவிட்டு, இடப்போகும் நண்டைத் தின்கிறோம்.

இலங்கைப் பக்கம் வருவோம். 'ஸ்ரீலங்கன் கிராப்' என்று இங்கே எல்லா மெனுவிலும் இருக்கிறது. எந்தக் களப்பு என்று ஒரு மெனுவும் சொல்வதில்லை. புத்தளம், மன்னார், மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று பல நீர்நிலைகள் உண்டு. பிடிப்பவர்களில் பலர் தமிழ் பேசுகிறவர்கள். நல்ல நண்டெல்லாம் கப்பல் ஏறிவிடுகிறது என்ற மனக்குறையில்தான் 2011-இல் கொழும்பில், பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில், நண்டுக்கென்றே 'மினிஸ்ட்ரி ஆஃப் கிராப்' உணவகம் திறந்தார்கள். சங்கக்காரவும் ஜயவர்தனவும் அதில் பங்காளிகள்.

வடக்கில் கடலுக்கு வேறொரு ஒழுங்குமுறை நடந்துகொண்டிருந்தது. 1980களின் நடுவிலிருந்து எங்கே போகலாம், எப்போது போகலாம், எந்த இயந்திரம் பொருத்தலாம் என்பதையெல்லாம் முடிவு செய்தது போர். பாஸ் இல்லாமல் கரையிலிருந்து இறங்க முடியாது. இரவில் போக முடியாது. பாதுகாப்பு வலயத்துக்குள் வலை விரிக்க முடியாது. மீன்வளத் துறை கனவிலும் போட முடியாத கட்டுப்பாடு. போரால் கடலுக்கு ஓய்வு கிடைத்தது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். யாழ்ப்பாணத்தார் கரையில் உட்கார்ந்திருந்த வருடங்களில் பாக் நீரிணையில் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. 1974-இல் கடலில் கோடு போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் மீன் தீர, படகுகள் அந்தப் பக்கம் போயின. கடல் ஓய்வெடுக்கவில்லை, ஓய்வெடுத்தது ஒரு தரப்பு மீனவர்கள்தான்.

2009-க்குப் பிறகு தடைகள் ஒவ்வொன்றாய் விலக, வடக்கில் நீலக்கால் நண்டு பெரிய தொழிலானது. இது சிங்கப்பூர்த் தொட்டிக்கு வரும் நண்டு இல்லை. கொட்டகைகளில் பெண்கள் உட்கார்ந்து சதை பிரித்தெடுக்க, டப்பாவில் அடைத்து அமெரிக்காவுக்குப் போகும். வாங்குகிறவர்கள் 'நிலைத்த மீன்பிடி' என்று சான்று கேட்க, 2013-இல் இலங்கைக் கடலுணவு ஏற்றுமதியாளர் சங்கமும் மீனவர் அமைப்புகளும் சேர்ந்து மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. சின்ன நண்டைத் தவிர்ப்பது, சினை நண்டை விடுவது, வலைக்கண்ணி அளவைக் கவனிப்பது என்று பேச்சு நடந்தது.

ஆனால் குருநகர் மீனவருக்கு முதல் கவலை கண்ணி அளவு இல்லை, வலை காலையில் இருக்குமா என்பது. நண்டு வலையை மாலையில் அடித்தரையில் இறக்கிவிட்டு விடியலில் எடுப்பார்கள். நடுவில் இழுவைப் படகு ஒன்று அந்த வழியே போனால் வலையே இருக்காது. பாக் நீரிணையில் தமிழ்நாட்டு இழுவைப் படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப் படகுக்கு நான்கு நாள் என்று ஒரு முறை உண்டு. இராமேஸ்வரத்தில் இரு தரப்பும் மோதிக்கொள்ளாமல் இருக்க உருவானது. யாழ்ப்பாணத்தார் இந்த முறையைத் தங்களுக்கான நாட்காட்டியாக்கிக்கொண்டார்கள். அந்தப் படகுகள் வரும் நாளில் இவர்கள் வலை இறக்க மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தமிழ்நாட்டு மீன்பிடித் தடைக்காலம் வந்தால் யாழ்ப்பாணத்தில் நிம்மதி. ஒரு நாட்டின் விதி இன்னொரு நாட்டின் நண்டு வலையைக் காப்பாற்றுகிறது, விதி எழுதியவர்கள் நினைக்காமலே. 2017-இல் இலங்கை தன் கடலில் இழுவை முறையையே சட்டப்படி தடை செய்தது. அந்தச் சட்டத்துக்காக மனு எழுதியும் தெருவில் நின்றும் போராடியவர்களில் வடக்கின் சிறு மீனவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். மறுபக்கம் இழுவைப் படகில் கூலிக்குப் போகிறவரும் தமிழர்தான், கடனில் படகு வாங்கியவரும் தமிழர்தான். சென்னையில் கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

தரங்கம்பாடிக்குப் பக்கத்தில், சீர்காழி வட்டம் தொடுவாயில், ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் சேற்று நண்டுக் குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறது. கடலில் குஞ்சு பொறுக்காமல் பண்ணைக்குக் குஞ்சு கொடுப்பது நோக்கம். சிரமமான வேலை. குஞ்சு ஒன்றையொன்று தின்றுவிடும்.

போன மாதம் மறுபடி அந்தச் சந்தைக்குப் போனேன். கைப்பையில் ஒரு தையல் அளவுநாடா. கடைக்கார அங்கிள் சீனர், அறுபதைத் தாண்டியவர். நண்டின் ஓட்டுக்குக் குறுக்கே நாடாவை வைத்தபோது, சட்டை தைக்கப் போகிறாயா என்று கேட்டுச் சிரித்தார். ஸ்ரீலங்கா நண்டு 16 சென்டிமீட்டர். இந்தோனீசிய நண்டு 11 இருந்தது, பெண். அதைத் தராசில் வைத்துக் காட்டினார், 300 கிராமுக்கு மேல். எடைப்படி சரி, அகலப்படி குறைவு, 'அல்லது' என்ற சொல் இரண்டையும் காப்பாற்றிவிட்டது.

கவிழ்த்தும் பார்த்தேன், மூடி அகலம். ஓட்டின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே சிவப்பு இருக்கிறது, இன்றைக்கு நல்ல சரக்கு என்றார் அங்கிள். ஆச்சிக்கு இந்த மாதம் திதி. வாங்கினேனா என்று கேட்காதீங்க.