ஈரலா, எலும்பா?

பன்விலவில் எங்கள் உறவுப் பிள்ளை ஒன்றுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டபோது, கண்டியில் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மச்சை எடுத்தார்கள். மூத்தும்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ரத்தம் ஊறுற எடம் ஈரல் தானே மகன், எலும்புல என்னத்தத் தேடுற?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அந்தக் கேள்வியின் வயது பிறகுதான் தெரிந்தது.

1025 அளவில் முடிந்த இப்னு ஸீனாவின் 'அல்கானூன்' சொல்வதும் அதுவே. உணவின் சாறு ஈரலில் சமைந்து இரத்தமாகிறது. சரியாகச் சமையாதது பல்கம், அதாவது சளி. மூலக் கருத்து கிரேக்கரான கேலனுடையது. ஆயுர்வேதமும் ஈரலையும் மண்ணீரலையுமே இரத்தத்தின் மூலமாகக் கொள்ளும். 1929இல் கொழும்பில் தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரியில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கற்பித்தார்கள். மூத்தும்மாவின் சொல் எந்த வழியில் வந்ததென்று யார் பிரிப்பது?

ஈரலை அந்த இடத்திலிருந்து இறக்கியது 1868. கோனிக்ஸ்பேர்க்கில் எர்ன்ஸ்ட் நொய்மனும் இத்தாலியில் ஜூலியோ பிட்சொசேரோவும் மச்சையை நுணுக்குக்காட்டியில் பார்த்து, இரத்தம் பிறப்பது அங்கேதான் என்றார்கள். வெண்குழியங்களும் அங்கே உருவாகின்றன என்று பிட்சொசேரோ சேர்த்துச் சொன்னார். இன்று நாம் அறிவது: மச்சையிலுள்ள மூலக் கலங்கள் பிரிந்து, படிப்படியாக முதிர்ந்து வெண்குழியங்களாகின்றன. அவற்றில் ஒரு வகை மட்டும் நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பிக்குப் போய் முதிர்கிறது. நியூட்ரோபில் என்ற வகையில் மாத்திரம் ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி. முதிராத கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகினால், அந்தப் பிள்ளைக்கு வந்த நோய். ஊசி எலும்புக்குள் போன காரணம் அதுதான். (குர்பான் இறைச்சியில் நாம் உறிஞ்சும் நல்லியில் பெரும்பாலும் கொழுப்புத்தான். வளர்ந்த உடம்பில் இரத்தம் உருவாவது விலா, முள்ளந்தண்டு, இடுப்பு போன்ற எலும்புகளில்.)

நமது சஞ்சிகைகளில் ஒரு பழக்கம் உண்டு: எதைக் கண்டுபிடித்தாலும் 'இது எங்கட கிதாபுல முன்னமே ஈக்கி' என்பது. இந்த விடயத்தில் இல்லை. அதை ஒப்புக்கொள்வதில் இழிவும் இல்லை. 1242இல் இப்னுந் நபீஸ், அல்கானூனுக்கு உரை எழுதும்போதே கேலனையும் இப்னு ஸீனாவையும் மறுத்தார். இதயத்தின் நடுச்சுவரில் துவாரம் கிடையாது, இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் போகிறது என்றார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. கானூனைத் தலையில் தூக்கிவைப்பவர்கள் இந்த உரையை ஏன் மறந்துபோகிறார்கள்?

ஆனால் ஈரலை முழுக்கத் தள்ளவும் முடியாது. தாய் வயிற்றில் இரண்டாம் மாதமளவிலிருந்து ஏழாம் மாதம் வரை சிசுவின் இரத்தக் கலங்கள் பெரும்பாலும் ஈரலிலேதான் பிறக்கின்றன. மச்சை அந்த வேலையைப் பொறுப்பேற்பது பிறகு.

இதை மூத்தும்மாவிடம் சொன்னேன்.

"அப்ப நான் சொன்னதும் சரிதானே?" என்றார்.