காணாமல்போன குழந்தைகள் (இந்தியா)

இந்தியாவில் குழந்தை காணாமல்போவது நெடுங்காலம் ஒரு வழக்காகவே கருதப்படவில்லை. கடத்தல் குற்றம், காணாமல்போவது வெறும் தகவல். ஆகவே பிள்ளையைக் காணோம் என்று ஓடிவந்தவர்களின் புகார், முதல் தகவல் அறிக்கையாகாமல் காவல் நிலையத்துப் பொது நாட்குறிப்பில் ஒரு வரியாகவே பெரும்பாலும் நின்றுவிட்டது. அந்த வரியை வைத்து யாரும் புலன்விசாரணைக்குக் கிளம்பியதில்லை. 1996இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாகப் பிறந்த, குழந்தைகளுக்கான 1098 உதவித் தொலைபேசிச் சேவையும், 2000ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம் கொண்டுவந்த குழந்தைகள் நலக் குழுக்களும் கண்ணில் பட்ட குழந்தையைத்தான் காத்தன. அகப்படாத குழந்தையைத் தேடுவது காவல்துறையின் மனம்போல் நடந்தது.

அந்த மனம் எப்படிப்பட்டது என்பதை டெல்லியை அடுத்த நொய்டாவின் நிட்டாரி காட்டியது. 2005, 2006இல் அங்கே பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தார்கள். வீட்டு வேலைக்கும் கூலிக்கும் பிழைக்க வந்த குடும்பங்கள். புகார் கொடுக்கப் போனால், பெண் யாருடனாவது ஓடிப்போயிருப்பாள் என்று திருப்பி அனுப்பினார்கள். 2006 டிசம்பர் இறுதியில் ஒரு பங்களாவின் பின்புறச் சாக்கடையில் மண்டையோடுகள் கிடைத்த பிறகே காவலர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். வழக்கு சிபிஐக்குப் போனது, மரண தண்டனைகள் விதிக்கப்பட்டன. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் புலன்விசாரணையைக் கடுமையாகச் சாடி, தன் முன் இருந்த வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. எஞ்சிய ஒரு வழக்கிலும் 2025இல் உச்ச நீதிமன்றம் விடுதலை வழங்கியது. முதல் புகாரை எழுதிக்கொள்ளாத நிலையத்தின் கணக்கு இத்தனை ஆண்டுகள் நீண்டது.

நிட்டாரியை அடுத்து தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த குழு, ஆண்டுக்குச் சுமார் 44,000 குழந்தைகள் காணாமல்போவதாகவும் அவர்களில் 11,000 பேர் திரும்புவதில்லை என்றும் குறிப்பிட்டது. எழுதிக்கொண்ட புகார்களின் கணக்குதான் இது.

2013 மே 10 அன்று, குழந்தைகள் உரிமை அமைப்பான ‘பச்பன் பச்சாவோ ஆந்தோலன்’ தொடுத்த வழக்கில், காணாமல்போன ஒவ்வொரு குழந்தைக்கும் வழக்குப் பதிய வேண்டும், கடத்தல் என்றே முதலில் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நான்கு மாதத்தில் கிடைக்காவிட்டால் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்ற வேண்டும். காவல் நிலையப் புகாரையும் காப்பகப் பதிவேட்டையும் இணைக்கத்தான் ‘ட்ராக்சைல்டு’ இணையதளம் வந்தது. இணைப்பு எவ்வளவு அறுந்திருந்தது என்பதற்கு 2014 காசியாபாத் சான்று: ‘ஆபரேஷன் ஸ்மைல்’ என்ற பெயரில் காவலர்கள் காப்பகங்களுக்கே நேரில் போய்ப் பிள்ளைகளிடம் பேசியபோது, வெளியே தேடப்பட்ட பலர் அங்கேயே இருந்தார்கள். வாய்விட்டு ஊர்ப்பெயர் கேட்டதைத் தவிர அதில் பெரிய நுட்பம் எதுவும் இல்லை. 2015இல் அது நாடு முழுவதும் விரிந்தது. 2023 முதல் 1098 சேவையை அரசே ஏற்று, 112 அவசர அழைப்புடன் இணைத்துவருகிறது.