வீட்டைக் கட்டிக்கொண்ட பெண்: மேல்மலைக் குறிப்புகள்

வருமான வரி தாக்கல் செய்யும் நேரம் வந்தால் எங்கள் அலுவலகத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். பெங்களூரில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் மனைவி, ஒரு குழந்தையோடு இருக்கிற நண்பர் ஒருவர், தன் பேரில் இருக்கிற பான் கார்டு போதாதென்று 'எச்.யூ.எஃப்' பேரிலும் ஒன்று வைத்திருக்கிறார். எச்.யூ.எஃப் என்றால் இந்து பிரிபடாத குடும்பம். அவருடைய அப்பா அம்மா திருச்சியில், அண்ணன் அமெரிக்காவில். இந்த 'பிரிபடாத' குடும்பத்தில் மொத்தம் மூன்று பேர், கர்த்தா இவர்தான். 1922-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலேயே இதற்குத் தனி இடம் இருந்தது, 1961-ம் ஆண்டுச் சட்டமும் விடவில்லை.

சிரித்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலே "அந்தக் காலத்துல எல்லாரும் கூட்டுக்குடும்பம்தான், இப்பதான் கெட்டுப்போச்சு"ன்னு யாராவது ஆரம்பிப்பாங்க. விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) வீட்டுக்கு நடுவே கோடு போட்ட காட்சி இன்றைக்கும் நமக்கு மறக்காததற்குக் காரணம், அந்தக் கோட்டுக்கு முன்னால் ஒரு பொற்காலம் இருந்தது என்ற நம்பிக்கைதான். அது உண்மையா என்று தேடப் போனதில் நான் வந்து சேர்ந்த இடம் கொடைக்கானல் மேல்மலை.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மேற்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் போனால் மன்னவனூர். சுற்றுலா வருகிறவர்களுக்கு அங்கே ஏரியும் புல்வெளியும் 1965-ல் வந்த செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையமும்தான் தெரியும். ஊருக்குள் போனால் அடுக்கடுக்கான வயல்கள், உருளை, கேரட், பிறகு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு. நான் போனபோது ஒரு வீட்டில் டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். ஒரே வாசல், உள்ளே போனால் மூன்று சமையலறை.

"கூட்டுக்குடும்பமா ஐயா?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "வேலை கூட்டு, சோறு தனி தம்பி. பூண்டு புடுங்கறப்ப எல்லாரும் ஒண்ணு. உலை வைக்கறப்ப அவங்கவங்க."

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பம் என்பதற்கு இருக்கும் வரையறையும் இதேதான்: பொதுச் சமையலறையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அந்தக் கணக்கில் பெரியவர் வீடு மூன்று தனிக்குடும்பம். நிலத்தின் கணக்கில் ஒன்று. எந்தக் கணக்கை நாம் 'பாரம்பரியம்' என்கிறோம்?

மேல்மலையின் பழைய விவசாயக் குடிகள் குன்னுவர். தாராபுரம், காங்கேயம் பக்கமிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் போருக்கோ பஞ்சத்துக்கோ அஞ்சி மலையேறிய வேளாளர் தாங்கள் என்பது அவர்களிடம் இருந்துவந்த செய்தி. இவர்களைப் பற்றி 1868-ல் வெளிவந்த மதுரை மாவட்டக் கையேட்டில் ஜே. எச். நெல்சன் என்ற சிவில் சர்வீஸ் அதிகாரி ஒரு வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஆண் வாரிசு இல்லாத வீட்டில் சொத்து மகளுக்குப் போகும் நிலை வந்தால், அவளை வயது வந்த ஆணுக்குக் கட்டிக்கொடுக்க மாட்டார்கள். ஒரு சிறு பையனுக்குக் கட்டிவைப்பார்கள், அல்லது அப்பன் வீட்டின் ஒரு பகுதிக்கே கட்டிவைப்பார்கள். பிறகு அவள் தன் சாதிக்குள் விரும்பியவரோடு வாழலாம். பிறக்கும் பிள்ளை அவளுடைய அப்பன் வீட்டுக்கு வாரிசு.

1906-ல் டபிள்யூ. ஃபிரான்சிஸ் எழுதிய கெஜட்டியர் இன்னும் விவரம் தருகிறது. பெண்ணை வீட்டின் நிலைக்காலுக்கு மணம் செய்துவைப்பார்கள். கழுத்தில் தாலி கிடையாது, கையில் ஒரு வெள்ளிக் காப்பு. அவள் சம்பாத்தியம் பெற்றோருக்கு. மகன் பிறந்தால் சொத்து அவள் வழியாக அவனுக்கு. 1909-ல் தர்ஸ்டன் தன் ஏழு தொகுதி நூலில் சேர்த்துக்கொண்டதால் இது ஆய்வாளர்களிடையே கொஞ்சம் பிரபலம்.

அதிகாரிகளின் தொனியில் ஒரு கேலி இருக்கிறது. நான்கு வயதுக் குழந்தைக்குப் பத்து வயது 'அப்பா' என்று சாட்சி சொல்வதைக் கேட்டு கலெக்டர்கள் குழம்பியதாக நெல்சன் எழுதுகிறார். அவர்கள் கண்ணில் பட்டது பெண்ணின் ஒழுக்கம். எனக்குப் படுவது வேறு. நிலைக்கால் குடிக்காது. நிலத்தை அடகு வைக்காது. முக்கியமாக, நிலைக்காலுக்குப் பங்காளிகள் கிடையாது. நிஜ மாப்பிள்ளை வந்தால் அவனோடு அண்ணன், தம்பி, சித்தப்பா என்று ஒரு படையே பின்னால் வரும். மலைச்சரிவில் தலைமுறை தலைமுறையாகக் கல் அடுக்கிக் கட்டிய வயலை அவர்களிடம் விட்டுவிட முடியாது.

இந்தக் கவலை மேல்மலைக்கு மட்டும் சொந்தமல்ல. பைபிளின் எண்ணாகமத்தில் செலோப்பியாத்தின் ஐந்து மகள்கள் அப்பாவின் நிலத்தைக் கேட்கிறார்கள். கிடைக்கிறது, ஆனால் சொந்தக் கோத்திரத்துக்குள்தான் கல்யாணம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. பழைய ஏதென்ஸில் இப்படிப்பட்ட பெண்ணை அப்பா வழியில் நெருங்கிய ஆண் உறவினர் கட்டிக்கொள்ள உரிமை கோரலாம். மனுவின் சட்டத்தில் 'புத்திரிகை': மகளின் மகனைத் தன் மகனாகக் கணக்கு வைப்பது. ஜப்பானியர்கள் மருமகனையே தத்தெடுத்துவிட்டார்கள். அவர் மாமனார் வீட்டுப் பெயரைத் தன் பெயராக்கிக்கொள்வார். மாருதி சுசுகி காரில் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: அந்த நிறுவனத்தைப் பல பத்தாண்டுகள் நடத்திய ஒசாமு சுசுகி பிறப்பால் சுசுகி அல்ல, மட்சுதா. நிறுவனரின் பேத்தியைக் கட்டிக்கொண்டு சுசுகி ஆனவர். நம்ம ஊர் வீட்டோடு மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதையை நினைத்துப் பார்த்தால் ஜப்பான் மாப்பிள்ளை மேல் பொறாமையே வருகிறது.

எல்லா இடத்திலும் நடுவில் ஒரு ஆண் வேண்டியிருக்கிறது: உறவினன், பேரன், தத்து மருமகன். மேல்மலையில் அந்த இடத்தில் வீட்டையே உட்கார வைத்துவிட்டார்கள். குடும்பம் என்பது எத்தனை தலை என்பதல்ல அவர்களுக்கு, வீடு அணையாமல் இருப்பது. ஒரே ஒரு பெண் மட்டும் மிஞ்சினாலும் அந்த வீடு நிற்க வேண்டும்.

இதை நான் கொண்டாட மாட்டேன். நிலைக்காலைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்கள் என்று எந்தப் பதிவிலும் இல்லை. அவள் வழியாகத்தான் சொத்து போகிறது, ஆனால் அவள் உழைப்பின் பலன் பெற்றோர் கையில். அதே சமயம், அத்தை மகனோ மாமன் மகனோ அவளை விரட்ட முடியாத ஒரு வீடு அவளுக்கு இருந்தது. 19-ம் நூற்றாண்டில் சமவெளியில் எத்தனை பெண்களுக்கு அது இருந்தது?

இப்போது நெல்சனிடம் திரும்ப வருகிறேன். மனிதர் பிற்பாடு மாவட்ட நீதிபதி ஆனார். 1877-ல் சென்னை உயர் நீதிமன்றம் நடைமுறைப்படுத்திவந்த இந்து சட்டத்தை விமர்சித்து ஒரு புத்தகம் எழுதினார். அதில் நீதிமன்றம் பிடித்துக்கொண்டிருக்கும் தவறான கோட்பாடுகள் என்று ஒரு பட்டியல் போடுகிறார். அவற்றில் ஒன்று: இந்துக் குடும்பம் பிரியாமல் இருப்பதே அதன் இயல்பான நிலை என்ற கோட்பாடு. மிதாட்சரம் போன்ற சமஸ்கிருத நூல்களை, அவற்றின் பேரைக்கூடக் கேள்விப்படாத தமிழ்க் குடிகள் மேல் ஏற்றிவிட்டார்கள் என்பது அவர் வாதம். மேல்மலையின் வழக்கத்தைப் பதிவு செய்தவரும் இதை எழுதியவரும் ஒருவரே என்பது தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது. மதுரை மாவட்டத்தின் எத்தனையோ சாதிகளின் வழக்கங்களை எழுதிச் சேர்த்த மனிதருக்கு, ஒரே அச்சில் வார்த்த 'இந்துக் குடும்பம்' பொருந்தாமல் போனதில் ஆச்சரியமில்லை.

சட்டம் வழக்கத்தை ஒரேயடியாக மறுக்கவுமில்லை. அவர் கையேடு வந்த அதே 1868-ல், அதே மதுரை மாவட்டத்து ராமநாதபுரம் ஜமீன் வழக்கில், வழக்கம் தெளிவாக நிரூபிக்கப்பட்டால் அது நூலில் எழுதியதை வெல்லும் என்று லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஆனால் 'நிரூபிக்கப்பட்டால்'. ஜமீனுக்கு வக்கீல் உண்டு, லண்டன் வரை போகப் பணம் உண்டு. பூண்டு போடுகிறவர் எதை வைத்து நிரூபிப்பார்? நிரூபிக்காவிட்டால் நூல் ஜெயிக்கும். மென்பொருள் பாஷையில் சொன்னால், கூட்டுக்குடும்பம் 'டீஃபால்ட்' மதிப்பு. யாரும் மாற்றாவிட்டால் அதுதான். நாளடைவில் அதுவே எப்போதும் இருந்த உண்மை மாதிரி ஆகிவிட்டது. என் நண்பரின் பான் கார்டு அந்த வழி வந்ததுதான்.

எண்ணிக்கையும் நெல்சன் பக்கமே சாய்கிறது. குஜராத்தின் ராத்வணஜ் கிராமத்தில் 1825-ல் எடுத்த குடிக்கணக்கை வைத்து ஏ. எம். ஷா 1973-ல் எழுதிய நூல், அந்தக் காலத்திலேயே வீடுகளில் பெரும்பாலானவை சிறியவை என்று காட்டியது. இங்கிலாந்தில் பீட்டர் லாஸ்லெட் பழைய பதிவுகளைத் தோண்டி, தொழிற்புரட்சிக்கு முன்பிருந்தே ஒரு வீட்டுக்குச் சராசரி 4.75 பேர்தான் என்றார். அங்கேயும் 'அந்தக் காலத்துப் பெரிய குடும்பம்' பெரும்பாலும் கனவு. நம் பக்கம் உசிலம்பட்டி வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்களிடம் 1949-50-ல் களப்பணி செய்த லூயி துய்மோன், கல்யாணமான மகன் சீக்கிரமே தனிக்குடித்தனம் போய்விடுவதைப் பதிவு செய்தார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பாலின் கோலெண்டாவின் வேலை. இந்தியா முழுவதும் நடந்த கிராம ஆய்வுகளை ஒப்பிட்டு 1968-ல் எழுதியவர். கங்கைச் சமவெளியில் கூட்டுக்குடும்பம் அதிகம், தெற்கே குறைவு. ஏன் என்பதற்கு அவர் காட்டும் ஒரு காரணம், மனைவியின் பேரம் பேசும் வலு. பெண் விலகிப் போக வழியுள்ள சமூகங்களில், பரிசப் பணம் பெண் வீட்டுக்கு வரும் சமூகங்களில், மருமகள் மாமியார் வீட்டில் அடங்கிக் கிடக்கத் தேவையில்லை. சீக்கிரம் தனி உலை வைப்பாள். இதைப் படித்தபோது ஃபிரான்சிஸின் குன்னுவர் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். விவாகரத்தும் மறுமணமும் அவர்களிடம் தாராளமாக உண்டு என்று அங்கே எழுதியிருக்கிறது. பெரியவர் வீட்டு மூன்று அடுப்புக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துக்குச் சராசரி 4 பேருக்கும் குறைவு. இதைச் சரிவு என்று படிப்பவர்கள், எங்கிருந்து சரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

மகள்களுக்கு வருவோம். 1989-ல் தமிழ்நாடு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று சட்டம் திருத்தியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. அதாவது வாசலைத் தாண்டிப் போய்விட்டால் நீ வேறு வீடு. நிலைக்காலுக்கு மணம் செய்துவைத்தவர்களின் கவலையேதான், சட்ட வாசகத்தில். 2005-ல் மத்திய அரசின் திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. அந்தத் திருத்தம் அமலுக்கு வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கேரளம் 1975-லேயே கூட்டுக்குடும்ப முறையைச் சட்டப்படி ஒழித்துவிட்டது.

டீ குடித்த அன்று கிளம்பும்போது பெரியவரிடம் கேட்டேன், "பட்டா யார் பேர்ல ஐயா?"

"என் பேர்லதான் தம்பி. எனக்கு அப்புறம் மூணு பயலுக்கும் ஒரு புள்ளைக்கும்."

"பொண்ணு எங்க இருக்காங்க?"

"திண்டுக்கல்ல கட்டிக் குடுத்தோம். பூண்டு போடறப்ப வந்துரும்."