பல் மருத்துவப் படிப்பின் வாசல்: அன்றும் இன்றும்

 

நம் பள்ளிக்குப் பல் சிகிச்சைக் குழுவினர் வந்துபோவதை நீங்கள் அறிவீர்கள். நூலக அறையில் மடக்கு நாற்காலியை விரித்து, விளக்கைப் பொருத்தி, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். "நான் போகமாட்டேன் சார்" என்று தூணைக் கட்டிக்கொண்டு அழும் பிள்ளையும் உண்டு. சிகிச்சை முடிந்து வெளியே வந்து, "நானும் பல்லு டாக்டரா வருவேன் சார்" என்று சொல்லும் பிள்ளையும் உண்டு.

அப்படிச் சொன்ன ஒரு மாணவி இன்று ஆறாம் படிவத்தில் படிக்கிறாள். அவளுடைய தாயார் ஒருநாள் மாலையில் என்னைத் தேடி வந்தார். கையில் எஸ்.டி.பி.எம். முதல் தவணை முடிவுத் தாள். "சார், மத்தப் பாடமெல்லாம் நல்லா வந்திருக்கு. சயன்ஸ்லதான் கொறைஞ்சிருச்சு. பல்லு டாக்டருக்கு இடம் கெடைக்குமா? மனசு நோகுமேன்னு பாக்காதீங்க, உள்ளதச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. நான் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியன். பல் மருத்துவக் கல்லூரியின் படியை மிதித்தவன் அல்லன். ஆகவே இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு தேடிப் படித்தேன். படித்ததில் ஒன்று விளங்கிற்று. அந்த வாசல் எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம் என்று முன்கூட்டியே அறிந்தவர்களே அதை அடைந்திருக்கிறார்கள். அதைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சிங்கப்பூரில் இருந்த வாசல்

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் மலாயாவில் டாக்டருக்குப் படிக்கக் கல்லூரியே கிடையாது. 1904இல் தான் ஜியாக் கிம் என்னும் சீன வணிகரின் தலைமையில் பொதுமக்கள் அரசாங்கத்திடம் மனுக் கொடுத்து, 87,000 வெள்ளிக்கு மேல் நிதியும் திரட்டினர். அதன் பலனாக 1905இல் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. பின்னர் அது ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. அங்கே 1929இல் பல் மருத்துவப் பிரிவும் தொடங்கப்பெற்றது.

அந்த வாசலுக்கு யாரால் போக முடிந்தது? கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில். ஆகவே கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடம் போன்ற பட்டணத்து ஆங்கிலப் பள்ளிகளில் படித்தவர்களுக்கே வழி இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில் வாழ்ந்த குமாஸ்தா தம் பிள்ளையை அப்படிப் படிக்க வைக்க நினைக்கலாம். கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர் நினைக்க முடியுமா?

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்றது. பள்ளி வந்தது உண்மைதான். ஆனால் பல தோட்டங்களில் அது ஒரே கொட்டகை. கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். தமிழில் நாலு எழுத்துக் கற்றதும் பிள்ளைகள் காட்டுக்கு வேலைக்குப் போனார்கள். அவர்களுடைய மதிப்பெண் குறைவு என்று யாரும் அவர்களைத் தள்ளவில்லை. மதிப்பெண் வாங்கும் இடத்துக்கே அவர்களைப் போக விடவில்லை.

வாசல் பக்கத்தில் வந்தது

1949இல் சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1962 முதல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தனியாக இயங்கிற்று. 1972இல் அங்கே பல் மருத்துவ மாணவர்களின் முதல் அணி சேர்ந்தது. ஒரு காலத்தில் ராத்திரி ரயிலேறிச் சிங்கப்பூருக்குப் போக வேண்டியிருந்த படிப்பு, பிரிக்பீல்ட்ஸுக்கு அடுத்த லெம்பா பந்தாயிலேயே வந்துவிட்டது. இன்று கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கே.எல். செண்ட்ரலில் மாறினால் காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம்.

தூரம் குறைந்தது, ஆனால் நெருக்கம் குறையவில்லை. 1970களில் பல்கலைக்கழக இடங்கள் இன விகிதப்படி பங்கிடப்பட்டன. இடம் கிடைக்காத இந்தியப் பிள்ளைகளில் வசதி உள்ளவர்கள் இந்தியாவுக்குப் போய்ப் படித்தார்கள். வசதி இல்லாதவர்கள் ஆசையை அடக்கிக்கொண்டார்கள். 1984இல் ம.இ.கா. தன் கல்விக் கழகமான எம்.ஐ.இ.டி.யை அமைத்தது. அதன் முயற்சியால் 2001இல் கெடாவில் ஏய்ம்ஸ்ட் உருவாயிற்று. பின்னர் அங்கே பல் மருத்துவமும் கற்பிக்கப்பட்டது. 2002இல் அரசாங்கம் தகுதி அடிப்படையிலான தேர்வு முறைக்கு மாறியது. 2003 முதல் மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ரா அல்லாதாருக்குப் பத்து விழுக்காடு ஒதுக்கப்பட்டது. 2012இல் இந்திய மாணவர்களுக்குக் கூடுதலாக மெட்ரிகுலேஷன் இடங்கள் அறிவிக்கப்பட்டன.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

இனி அந்தத் தாயார் கேட்ட கேள்விக்கு வருவோம். எஸ்.டி.பி.எம்.மில் ஏ என்றால் 4.00; ஏ மைனஸ் 3.67, பி பிளஸ் 3.33, பி 3.00, பி மைனஸ் 2.67. நான்கு பாடங்களின் சராசரிதான் மொத்தப் புள்ளி. பெண்ணுக்குப் பொதுப்பாடத்தில் 4.00, கணிதத்தில் 3.67, வேதியியலில் 2.67, உயிரியலில் 2.67. இந்த நிலை மூன்று தவணையிலும் நீடித்தால் சராசரி 3.25. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல் மருத்துவத்துக்கு வேண்டிய வேதியியலையும் உயிரியலையும் மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள், வெறும் 2.67! இனிப்பு தடவிய மாத்திரைபோல, பொதுப்பாடம் அறிவியலின் பலவீனத்தை மூடிவிட்டது.

அமெரிக்காவில்கூட பல் மருத்துவப் பள்ளிகள் மொத்தப் புள்ளியோடு அறிவியல் புள்ளியைத் தனியாகவும் கணக்கிட்டுப் பார்க்கின்றன. நம் நாட்டிலும் ஒவ்வொரு பாடத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சி கேட்கிறார்கள். ஆகவே பெற்றோர்களே, சராசரியை மட்டும் பார்த்து மகிழாதீர்கள்; சராசரியை மட்டும் பார்த்து மனம் தளரவும் வேண்டாம்.

அடுத்தது போட்டிக் கணக்கு. அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கல்விக்கு 90 புள்ளி, புறப்பாட நடவடிக்கைக்கு 10 புள்ளி. 3.25 வாங்கியவருக்குக் கல்வியில் ஏறத்தாழ 73 கிடைக்கும். புறப்பாடத்தில் பத்துக்குப் பத்து வாங்கினாலும் மொத்தம் 83தான். 4.00 வாங்கியவர் பந்தையே தொடாதவராக இருந்தாலும் 90இல் நிற்பார். வேதியியலையும் உயிரியலையும் பி பிளஸுக்கு உயர்த்தினால் சராசரி 3.58, கல்விப் புள்ளி 80க்கு மேல் போகும். அப்போதும் போட்டி கடுமைதான், ஆனால் இடைவெளி பாதிக்குப் பக்கமாகக் குறைந்துவிடுகிறது.

குறைந்தபட்சத் தகுதி என்பது வரிசையில் நிற்க அனுமதிச் சீட்டு. அதைக் கையில் வைத்திருப்பவர் எல்லாரும் உள்ளே போய்விட முடியாது. இதைப் புரிந்துகொள்ளாமல் ஏமாந்தவர்கள் பலர்.

குறை எங்கே தொடங்குகிறது?

ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நம் பிள்ளைகளுக்கு அறிவியல் வராது என்பது வீண் பேச்சு. தமிழ்ப்பள்ளியில் 'அடர்த்தி' என்று படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதையே மலாயில் 'கெத்தும்பாத்தான்' என்று படிக்கிறான். 'விசை' அங்கே 'டாயா' ஆகிவிடுகிறது. பல்கலைக்கழகத்தில் மறுபடியும் ஆங்கிலம். ஒரே பொருளுக்கு மூன்று பெயர்! பொருள் விளங்கினாலும் பெயர் விளங்காமல் பின்தங்குகிறவர்கள் உண்டு. முதலாம் படிவத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, மூன்று மொழியிலும் சொற்களை எழுதி வந்தால் இந்தத் தடை பெருமளவு குறையும்.

இன்னொன்று. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2022இல் பி.டி.3 தேர்வும் நீக்கப்பட்டன. தேர்வு பயம் போனது நல்லதே. ஆனால் முன்பு பன்னிரண்டு வயதிலும் பதினைந்து வயதிலும் தெரிந்த பலவீனம், பெற்றோர் கவனிக்காவிட்டால் இப்போது எஸ்.பி.எம். வரை மறைந்தே இருந்துவிடக்கூடும். அதற்குள் நான்காம் படிவத்தில் பாடம் தேர்ந்தெடுத்தாயிற்று. உயிரியலும் வேதியியலும் எடுக்காமல் விட்டவன் பிறகு பல் மருத்துவத்தை நினைத்துப் பயனில்லை. ஆகவே பள்ளியிலிருந்து மதிப்பீட்டு அறிக்கை வந்தால் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பாதீர்கள். "இதுல என் பிள்ளை எங்க நிக்கிறான்?" என்று வந்து கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பணத்தைக் கட்டுமுன் கேளுங்கள்

எனக்குத் தெரிந்த ஒரு தகப்பனார், செம்பனைக் காட்டில் வேலை செய்பவர். மகனுக்கு அறிவியலில் புள்ளி குறைவு. "புள்ளியைப் பத்திக் கவலைப்படாதீங்க, வெளிநாட்டுல இடம் வாங்கித் தரேன்" என்றார் ஒரு தரகர். ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்தும், மனைவியின் நகையை அடகு வைத்தும் முன்பணம் கட்டினார். அந்தப் பட்டம் நம் நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலேயே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பணம் திரும்பவில்லை. அவர் என்னிடம் வந்து சொன்னபோது கோபப்படக்கூட இல்லை. "நமக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்சிருந்தா இப்படி ஆவுமா சார்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் கேட்கிறது.

ஆகவே தனியார் கல்லூரியோ வெளிநாடோ, முதலில் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பட்டியலைப் பாருங்கள். குறைந்தபட்சத் தகுதி இல்லாமல் இடம் தருவதாக யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். இந்தியாவுக்குப் போகலாம் என்றாலும் அங்கே நீட் தேர்வு எழுதித் தேற வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அது கட்டாயம்.

அந்த நீட் தேர்வைக் குறித்துத் தமிழ்நாட்டிலேயே பெரும் விவாதம் நடந்து வருகிறது. பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்தவரும் முடியாதவரும் ஒரே எண்ணால் அளக்கப்படலாமா என்பது கேள்வி. 2020இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட்டிலும் தேறியவர்களுக்கு மருத்துவம், பல் மருத்துவம் முதலிய படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. தேர்ச்சி வேண்டும் என்பதை அவர்கள் விடவில்லை. பிள்ளை எங்கிருந்து ஓடி வருகிறான் என்பதையும் பார்த்தார்கள். நாமும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

இன்னொரு வாசல்

பல் மருத்துவத்துறை என்றால் டாக்டர் மட்டுந்தானா? 1921இல் நியூசிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கவனிக்கத் தாதியருக்குப் பயிற்சி தந்தார்கள். அதே முறையில் 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சி தொடங்கிற்று. நம் பள்ளிக்கு வந்து மடக்கு நாற்காலி போட்டுப் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பவர்கள் அந்த மரபில் வந்தவர்களே. இன்று பல் சிகிச்சையாளர் என்கிறார்கள். எஸ்.பி.எம். தேர்ச்சியோடு இப்பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். செயற்கைப் பல் செய்யும் தொழில்நுட்பருக்கும் தனிப் பயிற்சி உண்டு. மரியாதையான வேலை, பிள்ளைகளின் வேதனையைத் தீர்க்கும் வேலை. டாக்டர் படிப்பில் தோற்றவர்களின் புகலிடம் என்று இதைத் தாழ்த்திப் பேசுவது தவறு.

இரண்டு நாள் கழித்து அந்தத் தாயாரையும் மகளையும் உட்கார வைத்துக் கணக்கை எழுதிக் காட்டினேன். "இப்போதுள்ள புள்ளியில் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது மிகக் கடினம்மா. ஆனா முடிஞ்சு போகல. இன்னும் இரண்டு தவணை இருக்கு. முதல் தவணைத் தேர்வைத் திரும்ப எழுதவும் வழி இருக்கு" என்றேன். தாயார் ஒன்றும் பேசவில்லை. மகள்தான் தாளை வாங்கி, வேதியியலுக்கு நேரே இருந்த எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டாள். "இதத்தான் சார் முதல்ல மாத்தணும்" என்றாள்.

இப்போது வாரம் மூன்று நாள் கிள்ளானுக்கு பஸ் ஏறி வேதியியல் வகுப்புக்குப் போய்வருகிறாள். பினாங்குப் பயிற்சிக்கான விவரங்களையும் எடுத்து வைத்திருக்கிறாள். முடிவு எப்படி வரும் என்று என்னால் சொல்ல இயலாது. ஆனால் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இதே கிள்ளான் வட்டாரத்தில் பால்வாளி தூக்கிய பிள்ளைக்கு அதைச் சொல்லக்கூட ஆள் இல்லை.

இன்று பரிசு பெறும் செல்வங்களே, உங்களுக்கு என் வாழ்த்துகள். பரிசு பெறாத செல்வங்களே, நீங்களும் உங்கள் அறிக்கையை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். பென்சிலும் கொண்டு வாருங்கள். சேர்ந்து கணக்குப் போடுவோம்.