இரண்டாமிடம் வந்ததற்காகப் பதவி இழந்த பயிற்றுவிப்பாளர்

ஐரோப்பாவிலேயே இரண்டாவது அணியாகத் தன் நாட்டைக் கொண்டுவந்து நிறுத்திய ஒருவரை என்ன செய்யலாம்? மாலை போடலாம், மேடையேற்றலாம் என்றுதான் நம்மில் பலரும் சொல்வோம். 1964இல் சோவியத் ஒன்றியம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. அவரது பெயர் கொன்ஸ்டன்டின் பெஸ்கோவ்.

மெஸ்ஸியையும் ரொனால்டோவையும் தெரிந்த நமது இளைஞர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்கும். ஆனால் விளையாட்டைப் பற்றியும் தோல்வியைப் பற்றியும் நாம் பேசும் முறைக்கு இவரது வாழ்க்கை மிகவும் தேவையானது. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

பெஸ்கோவ் 1920 நவம்பரில் மொஸ்கோவில் பிறந்தார். 1941இல் டைனமோ மொஸ்கோ கழகத்தில் முன்கள வீரராகச் சேர்ந்தார். அதே ஆண்டு ஜூனில் ஜேர்மனி படையெடுத்தது. சுற்றுப்போட்டி பாதியில் நின்றது. ஒரு வீரனின் மிக நல்ல நான்கு வருடங்களைப் போர் தின்றுவிட்டது. போர் முடிந்த 1945இலேயே டைனமோ நாட்டின் சம்பியனானது.

அந்த வருடம் நவம்பரில் டைனமோ பிரித்தானியாவுக்குப் பயணம் போனது. சோவியத் வீரர்களை அங்கு யாரும் பெரிதாக மதிக்கவில்லை. செல்சி அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அவர்கள் கையில் பூங்கொத்துகளோடு மைதானத்துக்குள் வந்தபோது பார்வையாளர்கள் சிரித்தார்களாம். ஆட்டம் 3-3 என முடிந்தபோது அந்தச் சிரிப்பு காணாமல் போயிருந்தது. அடுத்து கார்டிஃப் அணியை 10-1 என வென்றார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாத பனிமூட்டத்தில் ஆர்சனலை 4-3 என வென்றார்கள். கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ் அணியுடன் 2-2 எனச் சமநிலை. தோல்வியே இல்லாமல் ஊர் திரும்பிய அந்த அணியின் கோல்களில் பெஸ்கோவுக்குப் பெரும் பங்கு இருந்தது.

இந்தப் பயணத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் ஒரு கட்டுரை எழுதினார். நாடுகளுக்கு இடையிலான விளையாட்டு நட்பை வளர்ப்பதில்லை, பகையைத்தான் வளர்க்கிறது என்பது அவரது வாதம். அது முழுவதும் சரியா என்று நாம் வாதிடலாம். ஆனால் பெஸ்கோவின் வாழ்க்கையில் அது ஒரு முறை அப்படியே நடந்தது.

1954இல் விளையாட்டை நிறுத்திய பெஸ்கோவ் பயிற்றுவிப்பாளரானார். சிறுவர்களுக்கான உதைபந்தாட்டப் பாடசாலையில் சில வருடங்கள் கற்பித்தார். 1963இல் தேசிய அணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மறுவருடம் ஐரோப்பியக் கிண்ணம். அரையிறுதியில் டென்மார்க்கை 3-0 என வென்று இறுதிப் போட்டிக்கு வந்தார்கள். எதிரணி ஸ்பெயின். இடம் மட்ரிட். பார்வையாளர் மாடத்தில் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ.

இங்கே ஒரு பின்னணி சொல்ல வேண்டும். பிராங்கோ கம்யூனிசத்தின் பரம எதிரி. ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் சோவியத் ஒன்றியம் அவருக்கு எதிர்த்தரப்பை ஆதரித்தது. 1960இல் இதே கிண்ணத்துக்காக சோவியத் அணியுடன் விளையாட வேண்டியிருந்தபோது, தன் நாட்டு அணியைப் போகவிடாமல் பிராங்கோவின் அரசு தடுத்தது. இப்போது அதே இரு நாடுகள், பிராங்கோவின் தலைநகரில், அவரது கண்முன்னே.

1964 ஜூன் 21. ஆறாவது நிமிடத்தில் ஸ்பெயின் முந்தியது. இரண்டே நிமிடங்களில் கலிம்சியான் ஹுசைனோவ் சமன் செய்தார். பெயரிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவர் தாத்தார் இனத்தவர். 84ஆவது நிமிடத்தில் மார்செலினோ தலையால் முட்டிய பந்து, லெவ் யாஷின் என்ற மாபெரும் கோல்காப்பாளரையும் தாண்டி வலைக்குள் போனது. ஸ்பெயின் 2, சோவியத் ஒன்றியம் 1.

ஐரோப்பாவில் இரண்டாமிடம்! ஆனால் மொஸ்கோவில் அதை அப்படி யாரும் பார்க்கவில்லை. பிராங்கோவின் முன்னால் தோற்றது நாட்டுக்கு அவமானம் என்று பார்த்தார்கள். பெஸ்கோவின் பதவி போனது. அப்போது நாட்டை ஆண்ட குருஷேவும் அதே ஆண்டு ஒக்டோபரில் தன் கட்சியினராலேயே பதவி இறக்கப்பட்டார். அதிகாரத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

பெஸ்கோவ் என்ன செய்தார்? தலைநகரை விட்டு லுகான்ஸ்க் நகருக்குப் போய் அங்குள்ள கழகத்தைப் பயிற்றுவித்தார். பிறகு தன் பழைய டைனமோவுக்குத் திரும்பினார். 1972இல் ஐரோப்பியக் கழகக் கிண்ணம் ஒன்றின் இறுதிப் போட்டிக்கு வந்த முதலாவது சோவியத் அணி அவருடைய டைனமோதான். அதிலும் ரேஞ்சர்ஸ் அணியிடம் 3-2 எனத் தோல்வி. மீண்டும் இரண்டாமிடம்.

அவரது உண்மையான பணி அதற்குப் பிறகுதான் வந்தது. 1976இல் மக்களின் செல்ல அணியான ஸ்பார்டக் மொஸ்கோ முதற்பிரிவிலிருந்து தரமிறக்கப்பட்டது. அதைத் தூக்கி நிறுத்த டைனமோக்காரரான பெஸ்கோவை அழைத்தார்கள். இது சாதாரண விடயம் அல்ல. டைனமோ பொலிஸாரின், இரகசியப் பொலிஸாரின் கழகம். ஸ்பார்டக்கின் தந்தை எனப்படும் நிக்கொலாய் ஸ்டாரொஸ்டின், அதே இரகசியப் பொலிஸாரால் 1942இல் கைதாகி வருடக்கணக்கில் தடுப்பு முகாம்களில் வாடியவர். அந்த இரு கழகங்களுக்கும் இடையிலான கசப்பைக் கடந்துதான் பெஸ்கோவ் ஸ்பார்டக்குக்குப் போனார்.

பெரிய நட்சத்திரங்களைத் தேடி அவர் போகவில்லை. கொஸ்ட்ரோமா என்ற நகரின் சிறிய கழகத்திலிருந்து 29 வயதான யார்ட்செவ் வந்தார். விளையாட்டை முடித்துக்கொள்ளும் வயது அது. அவர்தான் 1978இல் முதற்பிரிவில் 19 கோல்களுடன் அதிக கோல் அடித்தவர். அஸ்ட்ரகான் நகரிலிருந்து ரினாத் தசாயேவ் என்ற தாத்தார் இளைஞர் கோல்காப்பாளராக வந்தார். 1980களில் உலகின் தலைசிறந்த கோல்காப்பாளர்களில் ஒருவராக அவர் உயர்ந்தார். குறுகிய பந்துப் பரிமாற்றம், ஓயாத நகர்வு, பந்து வருமுன்னே யோசித்தல்: இவைதான் பெஸ்கோவின் பாடத்திட்டம். 1977இல் மீண்டும் முதற்பிரிவு, 1979இல் நாட்டின் சம்பியன்.

1982இல் இலண்டனில் ஆர்சனலை அதன் சொந்த மைதானத்தில் ஸ்பார்டக் 5-2 என வென்றபோது, ஆங்கிலேயப் பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். 37 வருடங்களுக்கு முன் பனிமூட்டத்தில் ஆர்சனலுக்கு எதிராக ஆடியவர்தான் அன்று பயிற்றுவிப்பாளராக நின்றார். தோற்ற ஊர் வென்றவனுக்குக் கைதட்டிய அந்த இரவு, ஓர்வெலுக்கு ஒரு நல்ல பதில்.

அதன் பிறகும் இரண்டாமிடம் அவரை விடவில்லை. 1980, 1981, 1983, 1984, 1985 என ஐந்து தடவை ஸ்பார்டக் இரண்டாவதாக வந்தது. 1987இல் மீண்டும் சம்பியன். மறுவருட முடிவில் அவர் விலக்கப்பட்டார். அவரிடம் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கண்டிப்பானவர், வீரர்களோடு முரண்பட்டவர். ஆனாலும் 1995இல், தனது 74ஆவது வயதில், டைனமோவுக்கு ரஷ்யக் கிண்ணத்தை வென்று கொடுத்தார். அப்போது அவரைத் தண்டித்த நாடே வரைபடத்தில் இல்லை. 2006 மே மாதம் அவர் காலமானார்.

உறவுகளே, 1964இல் அந்த அணி மோசமாக விளையாடவில்லை. விளையாட்டின் மேல் ஒரு நாட்டின் மானத்தை ஏற்றி வைத்ததுதான் தவறு. அந்தப் பாரத்தை நாமும் ஏற்றுகிறோம். கழகத்தின் மானம், பாடசாலையின் மானம், குடும்பத்தின் மானம் என்று சொல்லி, 15 வயதுப் பிள்ளையின் தோளில் வைக்கிறோம். இறுதிப் போட்டியில் தோற்று வரும் பிள்ளையிடம், "ஏன் தோற்றாய்?" என்று கேட்பதற்கு முன், இறுதிப் போட்டி வரை அவன் எப்படி வந்தான் என்று கேட்போம். அவனுக்குக் கற்பித்தவருக்கும், தோல்விக்கு மறுநாள் காலையில் ஒரு நன்றி சொல்வோம்.