சங்கத்தின் கணக்கும் தன் கணக்கும்

தம்புள்ளைக் குன்றின் படிகளில் இளைப்பாற அமர்ந்திருந்தபோது கைப்பேசி இருமுறை ஒலித்தது. ஒன்று அலுவலக மின்னஞ்சல் கணக்குக்கு வந்தது. மற்றது என் சொந்தக் கணக்குக்கு. இவ்விரண்டையும் நான் பிரித்து வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பத்திரிகையிலிருந்து விலகினேன். மறுநாளே அங்கிருந்த என் கணக்கு மூடப்பட்டது. அது அவர்களுடையது, மூடியது முறையே. ஆனால் புலம்பெயர்ந்து வாழ்ந்து மறைந்த என் அண்ணன் கடைசியாக எழுதிய கடிதங்களும் அதற்குள்தான் இருந்தன. சோம்பலினால் யாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு வைத்த பிழை என்னுடையது.

இப்பிழை இணையத்தோடு பிறந்ததன்று. நான் அமர்ந்திருந்த குன்றே அதற்குச் சாட்சி.

இலங்கையின் பழைய குகைகளில் பிராமி எழுத்துத் தானக் கல்வெட்டுகள் பல உள்ளன, தம்புள்ளையிலும் உண்டு. இவ்வகைக் கல்வெட்டுகளின் வழக்கமான வாசகம் குகையைத் தனியொரு பிக்குவுக்கு உரிமையாக்குவதில்லை. வந்தோரும் வராதோருமாகிய நாற்றிசைச் சங்கத்துக்கே அதனை அளிக்கிறது. பொதுவுடைமை 'சாங்கிக' எனவும், தனியுடைமை 'புத்கலிக' எனவும் பெயர் பெற்றன.

இந்தக் கோட்டைக் கலைத்தவன், தம்புள்ளை விகாரையை அமைத்தவனென மரபு போற்றும் வட்டகாமணி அபயன் என்னும் வலகம்பா மன்னனே. கி.மு. 103இல் முடிசூடிய சில மாதங்களிலேயே தமிழரிடம் அநுராதபுரத்தை இழந்தான். தமிழ்த் தலைவர் ஐவர் அடுத்தடுத்து அங்கு ஆண்டனர். பதினான்கு ஆண்டுகள் மறைந்து வாழ்ந்த அவனுக்கு இக்குகைகளும் அடைக்கலம் தந்தன என்பர். கி.மு. 89இல் அரசை மீட்டதும் அபயகிரி விகாரையைக் கட்டி, இடர்க்காலத்தில் உதவிய மகாதிஸ்ஸ தேரருக்கு வழங்கினான்.

நன்றிக்கடன் மன்னனுடையது, கொடையோ தனியொருவரின் பெயருக்குச் சென்றது. இவ்வாறு நிகழ்ந்ததாகப் பதிவான முதல் நிகழ்ச்சி இதுவென ஆய்வாளர் கருதுவர். இல்லறத்தாருடன் நெருங்கிப் பழகினார் என்று மகாதிஸ்ஸரை மகாவிகாரை விலக்கியது. சங்கம் பிளவுபட்டது. இக்கதையைச் சொல்லும் மகாவம்சம் மகாவிகாரைத் தரப்பின் நூல் என்பதையும் நாம் மறக்கலாகாது. எனினும், 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு ஒன்றிணைக்கும் வரை அப்பிளவு நீடித்தது.

விகாரைச் சொத்துகள் பற்றிய 1931ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் இதே கேள்விக்கு விடை தேடிற்று. ஒரு பிக்கு தமக்கெனச் சேர்த்ததைத் தம் வாழ்நாளில் பிறருக்குக் கைமாற்றாவிடின், அது அவருடைய விகாரையையே சேரும். மரபுரிமையாக வந்தது மட்டும் விலக்கு.

அமெரிக்காவில் ஹிலாரி கிளின்டன் வெளியுறவுச் செயலாளராக இருந்த 2009 முதல் 2013 வரை அரசுப் பணிக்குத் தம் சொந்த மின்னஞ்சலையே பயன்படுத்தினார் என்பது 2015இல் வெளியாயிற்று. எது அரச ஆவணம், எது குடும்பக் கடிதம் என்று பிரிக்கும் பொறுப்பு அவர் தரப்பிடமே இருந்தது. ஐயம் எழுந்தது அங்கேதான்.

அவர் பொதுவானதைத் தன் வீட்டில் வைத்தார். நானோ என் வீட்டுப் பொருளை அலுவலகத்தில் வைத்தேன். கணக்கைப் பிரிப்பது ஒழுங்குக்காக மட்டுமன்று, நண்பர்களே. விலகும் நாளில் எதை விட்டுச் செல்வது, எதை எடுத்துச் செல்வது என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். என் அண்ணனின் கடிதங்கள் இனித் திரும்பி வரப்போவதில்லை.