அமில-காரச் சமநிலைக் கோளாறு: கண்டறியும் முறைகளின் வரலாறு

தமனி இரத்தத்தின் பிஎச் 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்க வேண்டும். கரியமில வாயுவை நுரையீரலும் அமிலத்தைச் சிறுநீரகமும் வெளியேற்றி இதைக் காக்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் இச்சமநிலை குலையும்போது காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் வழக்கில் உள்ளன.

1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியது. நோயாளிகளின் இரத்தத்தில் மொத்தக் கரியமில வாயு ஏறியிருந்ததைக் கண்டு, காரம் மிகுந்துவிட்டது என்றே மருத்துவர்கள் எண்ணினர். உண்மையில் மூச்சுத் தசைகள் செயலிழந்ததால் வாயு தேங்கியிருந்தது. மயக்கவியல் மருத்துவர் பியோன் இப்சன் இதை உணர்ந்து, மூச்சுக்குழாயில் துளையிட்டுக் கையால் காற்றூட்டச் செய்தார். அதன் பிறகு அளவீட்டுக் கருவிகளை பௌல் ஆஸ்ட்ரப் செம்மைப்படுத்தினார். 1960 வாக்கில் சிகார்ட்-ஆண்டர்சன் இரத்தத்தின் பிஎச்சை இயல்புக்குக் கொண்டுவர எவ்வளவு அமிலமோ காரமோ சேர்க்க வேண்டும் என்று கூறும் ‘கார மிகை’ என்னும் கணக்கை வகுத்தார். சோதனைக் குழாயில் அளந்தது உடலுக்குள் அப்படியே பொருந்தாது என்று பாஸ்டன் மருத்துவர்கள் ஷ்வார்ட்சும் ரெல்மனும் 1963இல் மறுத்து எழுதினர். அவர்கள் பைகார்பனேட்டையே நம்பினர்.

சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழிக்கும் ‘அயனி இடைவெளி’ 1970களில் பரவலானது. இதில் ஒரு பொறி உண்டு: ஆல்புமின் குறைந்தால் இடைவெளியும் சுருங்கும். ஆல்புமின் டெசிலிட்டருக்கு 4 கிராமுக்குக் கீழே ஒவ்வொரு கிராம் குறைவுக்கும் 2.5 கூட்ட வேண்டும். ஆல்புமின் 2 ஆக உள்ள நோயாளியிடம் 13 என்று சாதாரணமாகத் தெரியும் இடைவெளி, திருத்தினால் 18 ஆகிறது. 1981இல் பீட்டர் ஸ்டூவர்ட் முன்வைத்த ‘வலிய அயனி வேறுபாடு’ (முழுதும் பிரியும் நேர், எதிர் அயனிகளின் கூட்டுத்தொகைகளுக்கு இடையிலான வித்தியாசம்), சோடியமும் குளோரைடும் லிட்டருக்கு 154 மில்லிமோல் வீதம் கொண்ட உப்புக் கரைசலை அதிகம் ஏற்றினால் ஏன் அமிலம் கூடுகிறது என்பதைத் தெளிவாக்கியது. ஆனால் பல அளவீடுகளைக் கூட்டிக் கழிப்பதால் ஒவ்வொன்றின் பிழையும் விடையில் சேர்கிறது. படுக்கையருகே, ஆல்புமின் திருத்திய இடைவெளியே பெரும்பாலும் போதும்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் வட்டாரத்தில் இம்முறைகளைச் சோதிக்கும் நோய் ஒன்று உண்டு: ஒடுவன் என்னும் நச்சுச் செடியின் தழையை உட்கொள்வதால் வரும் நஞ்சேற்றம். 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவப் பணியிலிருந்து வளர்ந்த கிறித்தவ மருத்துவக் கல்லூரி இதை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. நோயாளிகள் பலரிடம் இரத்தம் அமிலமாக இருந்தும் அயனி இடைவெளி கூடுவதில்லை, பொட்டாசியம் தாழ்ந்திருக்கும், சிறுநீரில் அமிலம் இறங்காது. கார மிகை, கோளாறு எவ்வளவு என்று மட்டும் சொல்லும். விரியாத இடைவெளி, லாக்டிக் அமிலம் போன்றவை முதன்மைக் காரணம் அல்ல என்று காட்டும். கோளாறு சிறுநீரகக் குழலில் இருப்பதைச் சிறுநீரின் பிஎச்தான் காட்டிக்கொடுக்கும். 2010இல் வெளியான வேலூர் ஆய்வு, எலிகளிடம் இக்குழல் கோளாற்றுடன் கரியமில வாயு தேங்கும் மூச்சுச் செயலிழப்பையும் கண்டது. ஆகவே பைகார்பனேட்டை மட்டும் பார்ப்பவர் பாதி நோயைத் தவறவிடுவார். சிகிச்சையும் இதைப் பொறுத்ததே: தாழ்ந்த பொட்டாசியத்தைச் சரிசெய்யாமல் பைகார்பனேட்டை வேகமாக ஏற்றினால், பொட்டாசியம் மேலும் உயிரணுக்களுக்குள் இறங்கி இதயத் துடிப்பு குலையக்கூடும்.